தண்ணீர் பிரியும் இடம் வரை ஒரு நாள்
கடைமடைத் தம்பதியின் கல்லணை - திருவையாறு உலா

மாதச் சம்பளக்காரருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. பண்ணையம் பார்க்கிற குடும்பத்துக்கு அப்படி ஒரு நாள் எந்தக் காலண்டரிலும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும், பால் கறக்க வேண்டும், நாற்றங்காலில் தண்ணீர் வைத்து வடிக்க வேண்டும். ஆண்பிள்ளைகளாவது சந்தைக்கும் கூட்டுறவு சங்கத்துக்கும் போகிற சாக்கில் நாலு ஊர் பார்த்து விடுகிறார்கள். வீட்டுப் பெண்களுக்குக் கல்யாணமும் கருமாதியும் தவிர வெளியூர்ப் பயணம் வாய்ப்பது அபூர்வம். நடவும் களையும் கதிரடிப்புமாக வேளாண்மையில் பாதிப் பாரத்தைச் சுமப்பவர்கள் அவர்களே. தம் வயலுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைக்கூடப் பலர் நேரில் பார்த்ததில்லை.

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் கல்லணைக் கால்வாயின் கடைப்பகுதியில் மூன்று ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஒரு தம்பதி, ஆவணி மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கிக் கல்லணையையும் திருவையாற்றையும் பார்த்து வந்தனர். அவர்களுக்கு மணமாகி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. மணமான ஆண்டு ஆடிப்பெருக்குக்குக் கல்யாண மாலையை ஆற்றில் விடத் திருவையாறு வந்ததுதான் இருவரும் சேர்ந்து போன கடைசி உலா. அதற்குப் பிறகு பிள்ளைகள், கடன், 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்த தென்னைகள் என்று காலம் ஓடிவிட்டது. சிறு விவசாயிக் குடும்பங்கள் எளிதாகப் பின்பற்றக் கூடியது என்பதால் அவர்களுடைய பயண விவரம் இங்கே தரப்படுகிறது.

நாற்று விட்ட பின் ஒரு நாள்

நாள் பார்த்ததில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது. சம்பாவுக்கு சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால ரகம் போடுகிறவர்கள் நாற்று விட்டு 35 முதல் 40 நாளில் பறித்து நடுகிறார்கள். மத்திய கால ரகமானால் 25 முதல் 30 நாள். விதை தெளித்த முதல் வாரம் நாற்றங்காலை விட்டு நகர முடியாது. நடவுக்கு முந்தைய வாரம் உழவு, வரப்பு வெட்டு, ஆள் சொல்வது என்று நெருக்கும். இடையில் பத்துப் பதினைந்து நாள் கை சற்று ஓயும். இவர்கள் பன்னிரண்டாம் நாள் புறப்பட்டார்கள். ஆவணியில் ஆற்றில் தண்ணீர் ஓடும் காலம். ஐப்பசி அடைமழையும் இன்னும் தொடங்கியிராது.

மாடுதான் பெரிய கவலையாக இருந்தது. கறவை இரண்டு, கன்று ஒன்று. விடிகாலை நாலரைக்கே கறந்து பாலைச் சங்கத்துக்கு அனுப்பி விட்டு, மாலைக் கறவையை ஓர்ப்படியிடம் ஒப்படைத்தாள் அந்த அம்மாள். "அடுத்த மாசம் நீ உன் அம்மா வீட்டுக்குப் போ, ஒன் மாட்டை நான் பாத்துக்கறேன்" என்று பேச்சு. இப்படி முறை மாற்றிக்கொண்டால் எந்த வீட்டாரும் ஆண்டுக்கு ஓரிரு நாள் வெளியே போய்வரலாம். முன் பின் அறியாத கை பட்டால் சில மாடுகள் பாலை அடக்கும். ஆகவே போவதற்கு இரண்டு நாள் முன்பே பார்த்துக்கொள்பவரை உடன் நிறுத்திக் கறக்கச் சொல்வது நல்லது. இவர்களும் அப்படியே செய்தார்கள்.

விடிகாலைப் பயணம்

ஐந்தரை மணிக்குப் பேருந்து ஏறி ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர் வந்து சேர்ந்தனர். தஞ்சை நகருக்குள் புது ஆற்றைக் கடக்கும்போது அந்த அம்மாள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கரை தொடத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"இது நம்ம ஆறுதானங்க? இங்கே இவ்வளவு போவுது, நம்ம மடையிலே முழங்கால் அளவுகூட வரலியே!"

கணவருக்கும் அதே எண்ணம்தான். கடைமடை விவசாயி ஒவ்வொருவருக்கும் மனத்தில் உறுத்துகிற கேள்வி அது. அன்றைய பயணத்துக்கு அந்தக் கேள்வியே வழித்துணை ஆயிற்று.

தஞ்சையிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்குப் போய், அங்கிருந்து கல்லணைக்குப் பேருந்து மாறினார்கள். தமிழக அரசு 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அளித்து வருவதால், அத்தகைய பேருந்துகளில் ஒருவருக்கு மட்டும் சீட்டு எடுத்தால் போதுமானதாக இருந்தது.

கல்லணையில்

பத்து மணிக்குக் கல்லணை. மணல் மீது எழுப்பிய அணை இது. கரிகால் சோழன் கட்டியது என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. நீளம் 329 மீட்டர், அகலம் 20 மீட்டர், உயரம் 5.4 மீட்டர். பெரும் கற்களை ஆற்று மணலில் இட்டு, அவை தாமாக அமிழ்ந்து கெட்டித்தளத்தில் நிலைகொண்டதும் மேலே மேலே அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பொலபொலவென்ற மணலில் அஸ்திவாரம் போடும் இந்த வித்தையை ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இங்கே கற்று, 1847ல் தொடங்கிய கோதாவரி தவளேஸ்வரம் அணைக்குப் பயன்படுத்தினார். பழைய அணையின் மீது பிற்காலத்தில் பாலமும் கதவணைகளும் சேர்க்கப்பட்டன. யானை மீது அமர்ந்த கரிகாலன் சிலையும் மணிமண்டபமும் பூங்காவும் அருகே இருக்கின்றன.

அணை எதற்காகக் கட்டப்பட்டது என்பதைப் பலரும் அறிவதில்லை. மேட்டூர் போலத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணை இது இல்லை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றிக்கொண்டு, கல்லணை அருகே மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடம் பள்ளத்தில் ஓடுகிற ஆறு. விட்டால் காவிரித் தண்ணீர் முழுவதும் உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். அதைத் தடுத்து நிறுத்தி வயலுக்குத் திருப்புகிற குறுக்குச் சுவர்தான் கல்லணை. வெள்ளம் மிஞ்சினால் மட்டும் கொள்ளிடத்தில் வடித்து விடலாம்.

இங்கே தண்ணீர் நான்காகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்னும் புது ஆறு, கொள்ளிடம். பாலத்தின் மீது நடந்தே நான்கு தலைப்பையும் பார்த்து விடலாம். தம்பதி இருவரும் புது ஆற்றுத் தலைப்பில்தான் அதிக நேரம் நின்றார்கள்.

கதவடியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. மேலே அமைதியாகத் தெரியும் இடத்திலும் அடியில் சுழல் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே பலியாகியிருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கால் நனைக்கக்கூட இறங்கலாகாது.

கன அடிக் கணக்கு

மதகுப் பக்கம் பணியிலிருந்த லஸ்கர் ஒருவர் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்த இவர்களைப் பார்த்து ஊர் விசாரித்தார். கடைமடை என்றதும் சிரித்தார். "வாங்க வாங்க, தண்ணி ஏன் வரலைன்னு கேக்கத்தான் வந்தீங்களா?" என்றார். அவர் சொன்ன விவரங்கள் பயனுள்ளவை.

மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து வெட்டப்பட்டு 1934ல் பயனுக்கு வந்தது புது ஆறு. மற்ற ஆறுகள் இயற்கையான பள்ளத்தில் ஓடுகின்றன. இந்தக் கால்வாய் மட்டும் அதுவரை மானாவாரியாகக் கிடந்த மேட்டுப் பாங்கான ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டப்பட்டது. நீளம் சுமார் 148 கிலோமீட்டர். பாசனப் பரப்பு சுமார் 2.27 லட்சம் ஏக்கர். போகிற வழியில் நூற்றுக்கணக்கான ஏரிகளையும் நிரப்பியாக வேண்டும்.

பத்திரிகையில் "கல்லணைக் கால்வாயில் வினாடிக்கு 3,000 கன அடி திறப்பு" என்று படிக்கிறோம். அது எவ்வளவு தண்ணீர்? ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஏறக்குறைய இரண்டு குடம். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு பகல், ஓர் இரவு முழுதும் பாய்ந்தால் ஏறத்தாழ இரண்டு ஏக்கரில் ஓர் அடி உயரம் தண்ணீர் நிற்கும். வயலுக்கு இரண்டு அங்குலம் கட்டினால் போதும் என்று வைத்துக்கொண்டால் அதே தண்ணீர் சுமார் 12 ஏக்கருக்குக் காணும்.

கணவர் விரல் மடக்கிக்கொண்டிருந்தபோதே மனைவி கணக்கை முடித்து விட்டாள். மகளிர் குழுவின் வரவு செலவை ஏழு ஆண்டுகளாக எழுதி வருபவள் அவள்.

"அப்ப மூவாயிரம் கன அடி விட்டா ஒரு நாளைக்கு முப்பத்தாறாயிரம் ஏக்கர்தான் பாயும். ரெண்டேகால் லட்சம் ஏக்கருக்கு ஒரு சுத்து வர ஆறு நாளுக்கு மேலே ஆவுது. இதுலே ஒரு சொட்டுகூட வீணாகலைன்னு வச்சுக்கிட்டா!"

லஸ்கர் தலையாட்டினார். மணற்பாங்கான படுகையில் உறிஞ்சப்படுவது, ஏரிகளில் நிற்பது, கிளை வாய்க்காலில் உடைப்பெடுத்து வீணாவது எல்லாம் சேர்ந்தால் ஆறு நாள் என்பது பல நாளாக நீளும். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் விட்டால் தலைமடைக்காரர் வயல் நிறையும், கடைமடைக்கு ஈரம்கூட வராது. ஆகையால்தான் முறை வைத்து விடுகிறார்கள்.

இந்தக் கணக்கைச் சொந்த நிலத்துக்குப் போட்டுப் பார்த்தார் கணவர். மூன்று ஏக்கருக்கு இரண்டு அங்குலம் கட்ட, வினாடிக்கு ஒரு கன அடி ஓட்டம் ஆறு மணி நேரம் கிடைத்தால் போதும். தங்கள் முறை வரும்போது வாய்க்கால் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் அந்த ஆறு மணி நேரம் வழியிலேயே கழிந்து விடும். அதன்பின் அடுத்த முறை வரை வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். "மேலே இருக்கிறவனைத் திட்டிக்கிட்டே இருந்தோம். நம்ம கொல்லைப் பக்கத்து வாய்க்காலை நாம வெட்டி ரெண்டு வருசமாச்சு" என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

குறை முழுவதும் விவசாயிகளுடையது என்று சொல்வதற்கில்லை. மேட்டூர் அணை ஜூன் 12ல் திறப்பது மரபு என்றாலும், நீர் இருப்பைப் பொறுத்து நாள் மாறுகிறது. 2022ல் மே 24லேயே திறந்தார்கள். 2024ல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. கல்லணைக் கால்வாயை நவீனப்படுத்தும் சுமார் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கான்கிரீட் கரையும் தளமும் போட்டால் கசிவு குறைந்து கடைமடைக்கு விரைவில் நீர் சேரும் என்பது ஒரு கட்சி. தளத்தையும் பூசி விட்டால் நிலத்தடி நீர் ஊறாது, போர் கிணறுகள் வற்றும் என்பது மற்றொரு கட்சி. தென்னைக்குப் போர் தண்ணீரையே நம்பும் இந்தத் தம்பதிக்கு இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது.

கட்டுச்சோறு

பன்னிரண்டரை மணிக்குப் பூங்கா மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். புளிச்சோறு, தயிர்சோறு, மாவடு ஊறுகாய், வாழைக்காய் வறுவல். பக்கத்தில் ஆற்று மீன் வறுவல் வாசனை வந்தது. கணவருக்கு ஆசைதான். "சாயங்காலம் கோயிலுக்குப் போகணும், பேசாம இருங்க" என்று மனைவி சொன்னதும் தயிர்சோற்றோடு நின்றார்.

சாப்பிட்டபின் முக்கால் மணி நேரம் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பகல் வேளையில் வேலை எதுவுமில்லாமல் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. மூத்த மகளின் படிப்புச் செலவு, மேற்குக் கொல்லையில் கஜாவில் விழுந்த தென்னைக்குப் பதில் வைத்த கன்றுகள் பாளை விடும் நாள், அண்ணன் தம்பிக்குள் தீராத ஒரு வரப்புத் தகராறு எல்லாவற்றையும் அங்கேதான் நிதானமாகப் பேசினார்கள். வீட்டில் இருந்தால் இந்தப் பேச்சுகள் மாட்டுக் கொட்டகைக்கும் அடுப்புக்கும் இடையில் பாதியில் அறுந்து போகும். வரப்புத் தகராற்றில் ஒன்றரை அடியை விட்டுக்கொடுத்து விடுவது என்று தீர்மானித்தார்கள். வழக்குக்குப் போனால் ஆகிற செலவைவிட அந்த ஒன்றரை அடி பெரிதில்லை என்பது அவளுடைய கட்சி.

திருவையாறு நோக்கி

பிற்பகலில் திருக்காட்டுப்பள்ளி வழியே திருவையாற்றுக்குப் பயணம். குடமுருட்டி ஆறு காவிரியிலிருந்து பிரிவது திருக்காட்டுப்பள்ளி அருகில்தான். நேரம் இருப்பவர்கள் பக்கத்திலுள்ள பூண்டி மாதா பேராலயத்துக்கும் போய்வரலாம். வீரமாமுனிவர் காலத்தோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் இந்த ஆலயம் 1999ல் பேராலயமாக உயர்த்தப்பட்டது.

காவிரிக் கரை நெடுக வாழையும் கரும்பும். தென்னையும் சம்பாவும் மட்டுமே பழகிய கண்ணுக்கு இது வேறு உலகம். தார் விட்ட வாழைகளுக்கு மூங்கில் முட்டுக் கொடுத்திருந்த தோட்டம் ஒன்றைக் கணவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்றுக்குத் தென்னையே தாங்காத தம் ஊரில் முட்டு இல்லாத வாழை எப்படி நிற்கும் என்று யோசனை. பேருந்துச் சன்னலே விவசாயிக்கு ஒரு பள்ளிக்கூடம். அடுத்த ஊர்க்காரன் என்ன போட்டிருக்கிறான், எப்படி வரப்புக் கட்டியிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

அசோகாவும் பயறும்

மூன்று மணிக்குத் திருவையாறு. கோயில் நடை நாலு மணிக்குத்தான் திறக்கும். இடைப்பட்ட நேரத்தில் கடைவீதிக்கு வந்தார்கள். திருவையாறு என்றால் அசோகா இனிப்பு. சுடச்சுட வாழை இலைத் துண்டில் வைத்துத் தருகிறார்கள். ஆளுக்கு ஐம்பது கிராம் வாங்கிச் சாப்பிட்டார்கள். "இது என்னத்திலே செய்யறது?" என்று அந்த அம்மாள் கேட்க, கடைக்காரர் சொன்னார்: பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கொஞ்சம் கோதுமை மாவை நெய்யில் வறுத்துச் சேர்த்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறுவது.

பாசிப்பருப்பு என்றதும் பேச்சு பயறுக்குத் திரும்பியது. காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடைக்கு முன் உளுந்தும் பயறும் தெளிப்பது பழைய வழக்கம். இவர்கள் நிலத்தில் அதை விட்டுப் பல ஆண்டு ஆகிவிட்டது. மேட்டு வயல் மணற்பாங்கு, ஈரம் நிற்காது. ஆனால் தாழ்வான அரை ஏக்கர் களிப்பாங்கானது. அதிலாவது தெளிக்கலாமே என்று மனைவி சொன்னாள். கணவர் ஒப்புக்கொண்டார்.

நெல் தரிசில் பயறு தெளிக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

தை மாதத்தில், நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதையைச் சீராகத் தூவ வேண்டும். தண்ணீர் தேங்கியிருந்தால் விதை அழுகும். காய்ந்து விட்டால் முளைக்காது. ஏக்கருக்கு 12 கிலோ விதை தேவை. உளுந்திலும் பயறிலும் ஆடுதுறை 3 ரகம் நெல் தரிசுக்கு ஏற்றது. விதையை ரைசோபியம் கலந்து தெளிப்பது நலம்.

இயந்திர அறுவடை செய்வதானால் முளைத்த செடி டயரில் நசுங்கும். ஆகவே அறுவடை நாளை நெருக்கி விதைக்க வேண்டும். சேறு அதிகமிருக்கும்போது இயந்திரத்தை இறக்கக் கூடாது.

நெல் தரிசுப் பயறுக்கு அடியுரம் இடும் வாய்ப்பில்லை. எனவே பூக்கத் தொடங்கும்போது ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலை 20 லிட்டர் நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்து, 200 லிட்டராக்கி மாலை வேளையில் தெளிக்கலாம்.

ஐயாறப்பர் கோயில்

நாலு மணிக்கு ஐயாறப்பர் கோயில். காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு ஆகிய ஐந்து ஆறுகள் பாயும் பகுதி என்பதால் ஊருக்கு ஐயாறு என்று பெயர். திருநாவுக்கரசர் கயிலைக் காட்சி கண்ட தலம். கோயிலுக்குள்ளேயே வடகயிலாயம் என்று தனிக்கோயில் உண்டு. அதைக் கட்டியவள் முதலாம் ராஜராஜ சோழனின் தேவி உலோகமாதேவி. தென்கயிலாயத்துக்குத் திருப்பணி செய்தவள் ராஜேந்திர சோழனின் தேவி பஞ்சவன்மாதேவி. பெண்கள் பெயரால் நிற்கும் இவ்விரண்டு கற்றளிகளையும் அந்த அம்மாள் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். கணவர் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து கூப்பிட்டதில் ஏழா, பத்தா என்று எண்ண முடியவில்லை.

அம்மன் பெயர் அறம் வளர்த்த நாயகி. இரு நாழி நெல்லை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு அறம் செய்தாள் என்பது தல வரலாறு. இருப்பது கொஞ்சமானாலும் விதைக்கு, உணவுக்கு, விருந்துக்கு, கோயிலுக்கு என்று பகிர்ந்து வைக்கும் குடும்பப் பெண்களுக்கு அந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சித்திரையில் இங்கே நடக்கும் சப்தஸ்தானம் என்னும் ஏழூர்த் திருவிழாவும் வேளாண்மையோடு சேர்ந்ததே. நந்தி கல்யாணத்துக்குத் திருப்பழனத்திலிருந்து பழமும், திருச்சோற்றுத்துறையிலிருந்து சோறும், திருப்பூந்துருத்தியிலிருந்து பூவும், தில்லைஸ்தானத்திலிருந்து நெய்யும் வந்ததாக ஐதீகம். அதற்கு நன்றி சொல்ல ஐயாறப்பர் பல்லக்கில் ஏழூரும் போய்வருகிறார்.

ஆற்றங்கரையில்

காவிரிக் கரையில் தியாகராஜ சுவாமிகள் சமாதி இருக்கிறது. 1847ல் அவர் சித்தியடைந்த இடம். பாழடைந்து கிடந்த சமாதியைத் தேடி வந்து, தம் பொருளைச் செலவிட்டுக் கோயிலாக எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதிருந்த காலத்தில் அவர்களுக்கு வழி திறந்தவரும் அவரே. 1952ல் காலமான அவருக்கும் அருகே நினைவிடம் உண்டு. தை மாத ஆராதனையின்போது கூட்டம் தாங்காது. மற்ற நாளில் அமைதியாக இருக்கும்.

புஷ்ய மண்டபத் துறைப் படியில் கடைசியாகச் சற்று நேரம் உட்கார்ந்தார்கள். இருபத்தாறு ஆண்டுக்கு முன் மாலையை விட்ட துறை அதுதான். காலையில் நான்காகப் பிரியக் கண்ட தண்ணீரில் ஒரு பங்கு இங்கே ஓடிக்கொண்டிருந்தது. கைநீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, கால் கிலோ அசோகாவை ஓர்ப்படிக்கென்று வாங்கிக்கொண்டு, ஆறு மணிக்குப் பேருந்து ஏறினார்கள். இரவு ஒன்பதரைக்கு வீடு. மாடு பால் குறைக்கவில்லை, அரை லிட்டர்தான் வித்தியாசம். அந்த நாளின் மொத்தச் செலவு இரண்டு மூட்டை யூரியா விலைக்குள் அடங்கியது.

வந்த பிறகு

உலா போய் வந்ததற்குப் பலன் என்ன என்று கேட்கலாம். அடுத்த ஞாயிறு அந்த வாய்க்காலில் பாசனம் பெறுகிற பதினோரு குடும்பங்கள் கூடின. தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டில் வந்த சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்க இடமுண்டு என்றாலும், வயல் வாய்க்காலை வெட்ட அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று பேசி முடித்தார்கள். கன அடிக் கணக்கைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னது அந்த அம்மாள்தான். ஏக்கருக்கு ஓர் ஆள் வீதம் வந்து இரண்டு நாளில் வாய்க்காலைத் தூர் எடுத்தனர். அடுத்த முறைத் தண்ணீர் நடவுக்கு முன்பே கடைசி வயலை எட்டியது. எல்லாக் குறையும் தீர்ந்து விட்டதாகச் சொல்ல முடியாது. மேலே திறக்கும் அளவு குறைந்தால் இவர்களும் குறைந்துதான் பெறுவார்கள். வருகிற தண்ணீரை வழியில் இழக்காதிருப்பதே இவர்கள் கையில் உள்ளது. அதைச் செய்திருக்கிறார்கள்.

போக விரும்புவோர் கவனத்துக்கு

நாற்று வளரும் இடைவெளியோ, அறுவடை முடிந்த பங்குனியோ பார்த்து நாள் குறியுங்கள். ஆற்றில் தண்ணீர் காண வேண்டுமானால் ஆடி முதல் மார்கழி வரை ஏற்ற காலம். ஆடிப்பெருக்கு, அமாவாசை நாட்களில் கூட்டம் அதிகம். நிதானமாகப் பார்க்க முடியாது.

கோயில் நடை பகலில் சாத்தியிருக்கும். ஆகவே முற்பகலில் அணையும், மாலையில் கோயிலுமாக வைத்துக்கொள்க. கட்டுச்சோறும் குடிநீரும் கொண்டு போனால் செலவும் குறையும், வயிறும் கெடாது. வெள்ள எச்சரிக்கை உள்ள நாளில் அணைப் பக்கம் போக வேண்டாம். முக்கொம்பில் 2018 ஆகஸ்டு 22 இரவு கொள்ளிடக் கதவணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை மறப்பதற்கில்லை.

மற்ற மாவட்டத்தாருக்கும் இதுபோன்ற இடம் அருகிலேயே இருக்கிறது. கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்தாருக்குக் கொடிவேரி, மதுரை - தேனி வட்டாரத்தாருக்கு 1959ல் திறந்த வைகை அணை, தாமிரபரணிப் பாசனத்தாருக்குப் பாபநாசம், குமரி மாவட்டத்தாருக்குப் பேச்சிப்பாறை. உங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் எந்தத் தலைப்பிலிருந்து புறப்படுகிறதோ அங்கே ஒரு நாள் போய்வாருங்கள். தனியே போகாமல் வீட்டுக்காரியையும் அழைத்துப் போங்கள். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை இந்த வாரமே பேசி வைத்து விடுங்கள்.